பேர் தெரியாதது பின்பக்கம்

இது போன ஐப்பசி மாதம் எனக்கு நடந்தது. அடுத்தவன் சொல்லிக் கேட்டதில்லை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன், கதை கட்ட வராது. கட்டுகிறவர்களையும் நம்ப மாட்டேன். பேயைப் பார்த்தேன் என்று யாராவது வந்து நின்றால், குடித்திருக்கிறானா என்று முதலில் வாயை மோந்து பார்க்கிற ஆள் நான். அன்றைக்கு நான் குடிக்கவில்லை. குடிப்பதை விட்டு எத்தனையோ காலம் ஆயிற்று.

எங்கள் வீடு லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. நானும் என் பெண்சாதி மீனம்மாவும்தான். அவள் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவள். நான் ஃபெக்டரியில் கிடந்தவன். மழை நேரத்தில் தண்ணீர் ஓடுகிற கான் ஓரம் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்தார்கள். அடுத்த வாரம் வீட்டுக்கு விடுவோம், ஆனால் தரையில் படுக்கக் கூடாது, கட்டில் வேண்டும், கட்டிலைச் சுற்றி ஊன்றி நடக்க இடமும் வேண்டும் என்றார்கள்.

எங்கள் வீட்டில் கட்டிலா? கால் வைக்கவே இடமில்லை. மீனம்மா எதையும் வெளியே போட விட மாட்டாள். பால்மா டின், கம்பி போன குடை, கிழிந்த கம்பளி, இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு கல்யாணத்துக்கே போதுமான சட்டி பானை. முன்னறையில் தகரக் கூரை வரைக்கும் சாமான்.

மகள் நிஷாந்திக்குக் கொழும்பில் வேலை. லீவு போட்டுவிட்டுத் தாயோடு ஆஸ்பத்திரியில் நின்றாள். அவள் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

"வீட்ட ஒழிக்கலேன்னா அம்மாவ நான் வத்தளைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்ப்பா. ஒங்களுக்கு அங்க எடமில்ல. கோவிச்சுக்காதீங்க."

வத்தளையில் அவளுக்கு மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. அங்கே போனால் மீனம்மா திரும்பி வர மாட்டாள். அது எனக்கும் தெரியும், மீனம்மாவுக்கும் தெரியும்.

என்னால் தனியாக முடியாது என்று மகளே ஓர் ஆளைப் பிடித்தாள். வீடு ஒழுங்கு பண்ணிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிற பெண்ணாம். ஹட்டனிலிருந்து வருவாளாம். பேர் ஷாமிலா. அடுத்தவன் வீட்டுக் குப்பையைக் கிளறுவதெல்லாம் ஒரு தொழிலா என்று எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஷாமிலா எனக்கு ஃபோன் எடுத்துப் பேசினாள்.

"அழகுமுத்து ஐயாவா? நான் சனிக்கிழம வர்றேங்க. அதுக்கு முந்தி நீங்க வீட்டத் தயார் பண்ணி வைக்கணும்."

"வீட்டத் தயார் பண்ணத்தான ஒன்னைய வரச் சொல்லியிருக்கு?"

சிரித்தாள். "எதையும் தூக்கிப் போட்டுறாதீங்க. புதுசா பெட்டி கிட்டி வாங்காதீங்க. ஒவ்வொரு சாமானா கையில எடுங்க. இது யாருதுன்னு வாய் விட்டுப் பேரச் சொல்லுங்க. பேரு சொல்ல முடிஞ்சா வாசப்பக்கம் வைங்க. தெரியலேன்னா பின்பக்கம்."

"பின்பக்கம் வச்சது?"

"நான் வந்து கொண்டு போயிருவேன்."

"கொண்டு போயி வித்துக்குவ."

"கிழிஞ்ச கம்பளிய எவங்க ஐயா வாங்குவான்?"

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நம்பவில்லை.

சாமானைத் தூக்கிப் பேர் சொல்வது எனக்குக் காலைப் பெரட்டு மாதிரி இருந்தது. விடியற்காலையில் எல்லாரும் வரிசையாக நிற்க, கங்காணி பேர் கூப்பிடுவார். பேர் கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அப்படித் திரும்பிப் போகிறவனை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க அதைச் செய்தேன். இது மீனம்மாவுது. இது என்னுது. இது நிஷாந்தி படித்த காலத்துப் பை. சொல்லிச் சொல்லி வாய் காய்ந்தது. குனிந்து நிமிர்ந்து முதுகு விட்டுப் போயிற்று. பாதிகூட முடியவில்லை.

பக்கத்து வீட்டு ஜெயந்தினி வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று எட்டிப் பார்த்தாள். ஓயாமல் பேசுகிற பெண். என்னை மாமா என்பாள்.

"யாருகூட மாமா பேசுறீங்க?"

"சட்டிகூட."

"பதில் சொல்லுதா?"

"ஒங்கத்தைய விட மரியாதையா சொல்லுது."

"இருங்க, அத்தை வரட்டும், சொல்லித் தர்றேன். நான் தலவாக்கல வரைக்கும் போயிட்டு ஆறு மணிக்கு வந்துர்றேன். வந்து எடுத்து எடுத்துத் தர்றேன், நீங்க ஒக்காந்து பேரச் சொல்லுங்க. நீங்களும் போயி விழுந்துறாதீங்க. ஆம்பள வார்டுல சோறு கொண்டாந்து குடுக்க என்னால ஏலாது."

அவள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. பனியும் இறங்கியது. நாலு மணிக்கே எதிர் லயம் தெரியவில்லை. காற்றுக்கு முன்கதவு அடித்துக்கொண்டே இருந்ததால் கொண்டியைப் போட்டேன். நானே போட்டேன். அது எனக்கு நன்றாக ஞாபகம்.

ஆறு பத்துக்குக் கரண்ட் போனது.

மெழுகுவத்தி எந்தக் குவியலுக்குள் போனதோ தெரியவில்லை. என் ஃபோன் பகலிலேயே செத்துவிட்டது. போகட்டும் என்று சுவரில் சாய்ந்து பலகையில் உட்கார்ந்தேன். அவ்வளவு அலுப்பு. கண் தன்னால் மூடியது. தூங்கவில்லை. மழை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

உள்ளே யாரோ சாமான் எடுக்கிற சத்தம் கேட்டது. டக்... டக்...

ஜெயந்தினி பின்கதவு வழியாக வருவது வழக்கம். அவள்தான் என்று நினைத்தேன்.

"வந்துட்டியா?" என்றேன்.

"இது யாருது?"

ஜெயந்தினி குரல்தான். கையில் ஏதோ வந்து உட்கார்ந்தது. தடவிப் பார்த்தேன். வெற்றிலை இடிக்கிற உரல்.

"மீனம்மாவுது."

கையை விட்டுப் போனது. வாசல் பக்கம் டக் என்றது.

"இது யாருது?"

"என் குடை. முன்னால வை."

"இது யாருது?"

"தெரியல. பின்னால போடு."

வேலை ஓடியது. பகல் முழுக்க நான் செய்ததைவிட வேகம். எனக்குச் சந்தோஷம்கூட. உட்கார்ந்த இடத்தில் பேர் சொன்னால் போதும், சாமான் தானாக வந்து தானாகப் போகிறது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அவள் மாமா என்று சொல்லவே இல்லை. ஒரு பேச்சில்லை, ஒரு கேலியில்லை. இத்தனை சாமான் கை மாறியும் அவள் விரல் ஒரு தடவைகூட என் விரலில் படவில்லை. காலடிச் சத்தமும் இல்லை.

"தேத்தண்ணி குடிச்சியா புள்ள?" என்றேன்.

"இது யாருது?"

குரல் கீழேயிருந்து வந்தது. தரையோடு தரையாக.

கையில் வந்தது குளிர்ந்திருந்தது. ஈரம். கனமே இல்லை. நனைந்த துணிக்குள் நாலைந்து குச்சியைச் சுற்றி வைத்த மாதிரி. உடைந்த குடையாக்கும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சாமான் பார்த்த ஞாபகம் இல்லை. எனக்கு அலுப்பு.

"தெரியல. பின்னால போடு."

இந்தத் தடவை அது உடனே கையை விட்டுப் போகவில்லை. அந்தக் குச்சிகள் என் உள்ளங்கையில் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. பிடித்துக்கொள்ளப் பார்த்த மாதிரி.

பிறகு போனது.

பின்கதவு... கிரீச்... என்று திறந்தது. குளிர் காற்று வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

"வெளிய போடாத புள்ள. நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து பாக்கணும்."

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. வீட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும். வேறு யாருடைய மூச்சும் இல்லை.

"இது யாருது?"

இப்போது காதருகில்.

கையில் வந்தது கனமாக இருந்தது. இதுவும் குளிர். விரலை மூடினேன். உள்ளே இன்னொரு விரல்.

ஒரு கை.

ஆள்காட்டி விரலில் ஒரு வெடிப்பு. கொழுந்து கிள்ளிக் கிள்ளி விழுந்த வெடிப்பு, சாயம் ஏறிக் கல்லாகிப்போனது. எத்தனை பேர் கையில் அது இருக்கும். ஆனால் இந்த வெடிப்பு எனக்குத் தெரியும்.

"இது யாருது?"

வாய் திறக்கவில்லை.

கை மெதுவாக நகர்ந்தது.

பின்பக்கமாக.

யாரோ இழுக்கிறார்கள்.

"இது... யாருது?"

"மீனம்மா," என்றேன். குரல் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "மீனம்மா. என் பொஞ்சாதி. முன்னால வை."

இழுவை நிற்கவில்லை.

"என்னுது."

பிடித்தேன்.

இரண்டு கையாலும் பிடித்தேன்.

"என்னுது... விடு..."

விட்டது.

கையில் ஒன்றும் இல்லை.

முன்கதவை யாரோ தட்டினார்கள்.

"மாமா... மாமா, கதவத் தொறங்க. இருட்டுல என்னா பண்றீங்க?"

தட்டுத் தடுமாறிப் போய்க் கொண்டியை எடுத்தேன். ஜெயந்தினி நின்றாள். தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். கையில் ஃபோன் வெளிச்சம்.

"மரம் விழுந்து பஸ்ஸெல்லாம் நிக்கிது மாமா. கீழ் ரோட்டுல இருந்து நடந்து வர்றேன். என்னா, மூஞ்சி இப்புடி இருக்கு?"

ஃபோனில் ஆறு ஐம்பது.

அவள் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். வாசல் பக்கம் ஒரு குவியல், பின்பக்கம் ஒரு குவியல். நடுவில் தரை. சிமெந்துத் தரையை எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு கட்டில் தாராளமாகப் போடலாம்.

"ஒத்த ஆளா செஞ்சீங்க?"

ஃபோனை வாங்கிக்கொண்டு பின்பக்கக் குவியலைக் கிளறினேன். அந்த ஈரச் சாமானைத் தேடினேன். எல்லாம் காய்ந்த சாமான். ஈரமாக ஒன்றுகூட இல்லை. பின்கதவைப் பார்த்தேன். உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

அன்று இரவு ஜெயந்தினி வீட்டில் படுத்தேன். ஏன் என்று அவள் கேட்டாள். முதுகு வலி என்றேன்.

ஷாமிலாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவள் வந்தாள், நன்றாகவே செய்தாள். பின்பக்கம் இருந்ததை லொறியில் ஏற்றினாள். முக்கால்வாசி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்களே ஐயா என்றாள். முன்னறையில் கட்டில் போட்டோம். மறு வாரம் மீனம்மா வந்து அதில் படுத்தாள். இப்போதும் அதில்தான் படுத்திருக்கிறாள். சாமானெல்லாம் எங்கே என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். வத்தளைக்குப் போகவில்லை.

ஆனால் சொல்ல வந்தது அதில்லை. சனிக்கிழமை காலை, ஷாமிலா வருவதற்கு முன்பு, மரத்தை வெட்டி எடுத்த பிறகு வந்த முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கேட்டதைச் சொல்ல வேண்டும்.

நிஷாந்தி வார்டு வாசலிலேயே நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒங்க ஃபோனுக்கு எத்தன தடவ எடுக்கிறதுப்பா? நேத்து அந்தியில அம்மாவுக்கு மூச்சு நின்னுருச்சு. டொக்டர்மாரெல்லாம் ஓடி வந்து, நெஞ்ச அமுக்கி... முடிஞ்சிருச்சுன்னுதான் நெனச்சேன்."

"எத்தன மணி?"

"ஆறே முக்கால் இருக்கும். அப்பறம் கண்ணத் தொறந்தாங்க. மொதல்ல என்னா சொன்னாங்க தெரியுமா? கைய விடுங்க, வலிக்குதுன்னாங்க. அந்தக் கைய யாருமே பிடிக்கலப்பா."

உள்ளே போனேன். மீனம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போய், நீலமாக விரல் தடம். அதன் மேல் என் கையை வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"இதுல யாரு இருந்தா?"

"வயசான ஒரு அம்மா. டயகமப் பக்கம் ரோட்டு ஓரம் மழையில கெடந்தவங்களக் கொண்டாந்து சேத்தாங்களாம். எலும்பும் தோலுமா இருந்தாங்க. தேடி ஒருத்தரும் வரல. அவுங்க நேத்துத்தான் தவறிப்போனாங்க."

"எப்ப?"

"நம்ம அம்மாவுக்குக் கொஞ்சம் முந்தி."

என் உள்ளங்கையில் அசைந்த அந்த ஈரக் குச்சிகள் ஞாபகம் வந்தன.

"அவுங்க பேரு என்னா?"

நிஷாந்தி திரும்பித் தாதியிடம் சிங்களத்தில் கேட்டாள். தாதி தலையை ஆட்டினாள்.

தெரியாதாம்.