மரத்துப்போன இரண்டு விரல்கள்

நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் என் தங்கைக்கு ‘காலர்காரி’ என்றுதான் பெயர். சட்டைக் காலரை அவளைப்போல் வளைத்துத் தைக்க அங்கே ஆளில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் பெடலை மிதிப்பாள். விரல் நுனியில் வேகம் தெரியவேண்டுமாம். பெருமையைப் பார்!

போன வருஷம் அந்த வலது காலில், மூன்றாவது விரலுக்கும் நாலாவதற்கும் நடுவே வலி ஆரம்பித்தது. “செருப்புல கல்லு கெடக்குதுக்கா” என்று நடுத்தெருவில் நின்று உதறுவாள். கல்லும் இருக்காது, மண்ணும் இருக்காது. “கல்லு உன் மண்டையிலதான்டி இருக்கு” என்று கத்துவேன்.

டாக்டர் பாதத்தை இரு பக்கமும் சேர்த்து அமுக்கியதும் வீலென்று அலறினாள். எலும்புகளுக்கு நடுவே நரம்பு நசுங்கி வீங்கியிருக்கிறதாம். அகலமான செருப்பு, ஊசி, எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் நரம்பையே வெட்டி எடுத்தார்கள். “வலி போயிடும். அந்த எடத்துல உணர்ச்சியும் போயிடும்” என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இரண்டும் போயே போய்விட்டன.

திரும்ப வேலைக்கு வந்தவளிடம் சூப்பர்வைசர், “கொஞ்ச நாள் பாக்குறேம்மா. கால் சரிப்படலேன்னா நூல் வெட்டுற டேபிளுக்குப் போயிடு” என்றார். அங்கே நாள் முழுக்க நிற்கவேண்டும். அதைவிட, காலர் இல்லாமல் இவள் யார்? இவளோ “சரி சார்” என்று மிஷினில் போய் உட்கார்ந்தாள். வீட்டிலும் அப்படித்தான். திட்டினால் “சரிக்கா”, சோறு போட்டால் “சரிக்கா”.

அந்த வாரமே அவள் மிஷினில் ஊசி உடைந்தது. உடைந்த துண்டெல்லாம் கைக்கு வரும்வரை எங்கள் வரிசையே நிற்கும்; சட்டைக்குள் மாட்டிக்கொண்டால் போடுகிறவர் கழுத்தில் குத்துமே. மற்ற துண்டுகள் கிடைத்துவிட்டன, முனையை மட்டும் காணோம். எல்லோரும் குனிந்து தேடினோம். அவளும் வெறுங்காலோடு சுற்றிச்சுற்றித் தேடினாள். அவள் நடந்த இடமெல்லாம் தரையில் சிவப்பாய்ப் பொட்டுப் பொட்டாக இருந்தது.

“காலைக் காட்டுடி” என்றேன் மெதுவாக. விரலிடுக்கில் முனை ஏறி நின்றது. நகத்தால் பிடுங்கினேன். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

“அடிப்பாவி, வலிக்கலையா?”

“வலிச்சா சொல்ல மாட்டேனாக்கா?”

சூப்பர்வைசர் வந்தார். முனையை என் புடவையில் துடைத்து நீட்டினேன். “மிஷினுக்கு அடியில கெடந்துச்சு சார்.” பேசிக்கொண்டே தரையைச் செருப்பால் தேய்த்தேன். புது ஊசி வந்தது. அவள் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். காலர் அச்சு அசலாக வந்தது.

சாயங்காலம் நடுத்தெருவில் அவளை நிறுத்தி, நானே குனிந்து அவள் செருப்பைக் கழற்றி உதறினேன்.

“என்னக்கா இது, எல்லாரும் பாக்குறாங்க.”

“கல்லு இருந்தாலும் உனக்குத் தெரியாதேடி” என்றேன். அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.