எட்டாவது கை

ஒஸ்லோவில் எங்கள் பகுதி எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாதது. ஒரு தேர்தலில் இந்தப் பக்கம் சாயும், அடுத்ததில் அந்தப் பக்கம். அதனால் தேர்தல் வந்தால் நகரசபைப் பெரிய தலைகள் எல்லாம் எங்கள் கடைத்தொகுதி வாசலில் நின்று வாஃபிள் சுட்டுக் கொடுப்பார்கள். மற்ற நாட்களில் அவர்களைத் தொலைக்காட்சியில்தான் காணலாம்.

நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறவள். அங்கே தொழிற்சங்கத்துக்காக நான் நாலு வார்த்தை பேசினதைக் கேள்விப்பட்டு, கட்சியின் பகுதித் தலைவி என்னைத் தேடி வந்தார். அவர் ஓய்வுபெற்ற நோர்வேஜிய ஆசிரியை. "பகுதிச்சபைப் பட்டியலின் கடைசியில் ஒரு பெயர் குறைகிறது. பயப்பட வேண்டாம், தெரிவாக மாட்டாய்" என்றார். அதை நம்பித்தான் கையெழுத்து வைத்தேன்.

எங்கள் கட்டடத்து மேல்மாடி அண்ணையை அவருக்குத் தெரியாது. முப்பது வருடம் பஸ் ஓட்டினவர். பகுதியில் அவருக்குத் தெரியாத தமிழ் வீடு கிடையாது. என் பெயரைப் பட்டியலில் பார்த்த அன்றே தொடங்கிவிட்டார். மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு கடைவாசலில் நின்று, வாற போற சனத்துக்கெல்லாம் வாக்குச்சீட்டை விரித்துக் காட்டினார். "கட்சிக்குப் போட்டாக் காணாது. இந்தப் பெயருக்குப் பக்கத்தில இருக்கிற பெட்டிக்குள்ள ஒரு புள்ளடி. விளங்கிச்சோ?" நான் வெட்கப்பட்டு, "அண்ணை, விடுங்கோ" என்றால், "நீர் பேசாமல் இரும் தங்கச்சி. எங்கட ஆள் ஒண்டு உள்ள இருக்கவேணும்" என்பார்.

முடிவு வந்தபோது, சபையின் பதினைந்து இடங்களில் எங்கள் பக்கத்துக்கு எட்டு, மற்றப் பக்கத்துக்கு ஏழு. சனம் போட்ட புள்ளடிகள் என்னைக் கடைசியிலிருந்து மேலே தூக்கிவிட்டிருந்தன. எட்டாவது ஆள் நான். அண்ணை வீட்டில் அன்றைக்கு ரோல்ஸ் பொரித்தார்கள்.

இரண்டாவது வருடம்தான் அந்த விஷயம் வந்தது. மறதி நோய் வந்தவர்கள் பகலில் வந்து இருக்கும் நிலையம் ஒன்று எங்கள் பகுதியில் இருந்தது. அதை மூடிவிட்டு, வருகிறவர்களை நகரத்தின் மறுகரையில் இருக்கும் பெரிய நிலையத்துக்கு வாகனத்தில் அனுப்புவது என்று வரவுசெலவுத் திட்டத்தில் எழுதியிருந்தார்கள். அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் போய்வந்தார். அக்காவுக்கு நோர்வேஜிய மொழி முழுக்க மறந்துபோய்விட்டது, தமிழ் மட்டும்தான் மிச்சம். அந்த நிலையத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை வேலை செய்தாள். அவளோடு இருந்து கரட் சீவுவதும் பழைய பாட்டுகளை முணுமுணுப்பதுமாக அக்காவின் பகல் போகும்.

அண்ணை அக்காவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, மூடப்போகினமாம். உண்மையோ?"

"கதைக்கினம் அண்ணை. இன்னும் முடிவெடுக்கேல்லை."

"எட்டுக்கு ஏழு எண்டால், உம்மட ஒரு கைதானே எல்லாம்?"

நான் தேத்தண்ணி போட எழும்பினேன்.

கட்சிக் கூட்டத்தில் நான் எதிர்த்துத்தான் பேசினேன். வேலை அனுபவத்தைச் சொன்னேன். இடம் மாறினால் இந்த நோயாளர்கள் எப்படிக் குலைந்துபோவார்கள் என்று சொன்னேன். தலைவி குறுக்கிடாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொல்வது சரி. ஆனால் நம்மோடு சேர்ந்திருக்கும் சின்னக் கட்சி இந்தத் திட்டத்தை முழுசாகத்தான் ஏற்கும். நீ ஒருத்தி மாறினால் எல்லாம் விழும். பிறகு மற்றப் பக்கம் இளைஞர் மன்றத்தையும் சேர்த்து மூடும். இரண்டு வருடத்தில் நிலையத்தைத் திரும்பத் திறப்போம் என்று ஒரு வரி சேர்க்கிறேன். எழுத்தில்."

அந்த ஒரு வரிக்காக நான் சம்மதித்தேன். அப்போது அது எனக்குப் பெரிய வெற்றியாகக்கூடத் தெரிந்தது.

சபைக் கூட்டம் தொடங்குமுன் பொதுமக்கள் பேசுவதற்கு அரைமணி நேரம் உண்டு. அண்ணை வந்திருந்தார். கோட் போட்டு, கழுத்தில் ரை கட்டி. தன் பஸ்கார நோர்வேஜியத்தில், தாளைப் பார்க்காமல் பேசினார். "என் மனைவிக்கு என் பெயர் தெரியாது. ஆனால் அந்த நிலையத்தின் கதவு தெரியும். கதவைக் கண்டால் சிரிப்பாள்." அவ்வளவுதான் சொன்னார். நன்றி சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் இருந்தார்.

வாக்கெடுப்பு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. திட்டத்தை ஆதரிப்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினேன். அண்ணை இருந்த பக்கம் நான் பார்க்கவில்லை. கூட்டம் முடிந்து திரும்பியபோது அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது.

புது இடத்து வாகனம் காலையில் எங்கள் கட்டடத்து வாசலுக்கு வரும். முதல் நாள் அக்கா அதில் ஏறினார். இரண்டாம் நாள் படியில் இருந்துகொண்டு ஏறமாட்டேன் என்று கத்தினார். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வாகனம் வரவில்லை. வேண்டாம் என்று அண்ணையே சொல்லிவிட்டாராம். லிஃப்டில் கண்டால் தலையை ஆட்டுவார். தங்கச்சி என்று கூப்பிடுவது நின்றுபோனது.

அடுத்த தேர்தலுக்கும் நான் நின்றேன். அந்த வரியைக் காப்பாற்றவேண்டும் என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். கடைவாசலில் நானே நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்தேன். சிலர் வாங்கினார்கள், சிலர் குடையைச் சரித்துக்கொண்டு போனார்கள். பகுதி மற்றப் பக்கம் சாய்ந்தது. ஒரே ஒரு இட வித்தியாசம். நான் உள்ளே போகவில்லை. வந்தவர்கள் இளைஞர் மன்றத்தில் கை வைக்கவில்லை. நிலையத்தைத் திறக்கவும் இல்லை. அந்த வரி முந்தின சபையுடையது, தங்களைக் கட்டாது என்றார்கள். சட்டப்படி அது சரி.

அதற்கெல்லாம் முன், வாக்களிப்பு முடிந்த அடுத்த வாரம், தபால் பெட்டியடியில் அண்ணையைத் தனியே கண்டேன். இம்முறை தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகவில்லை.

"தோத்துப்போனீர் என்ன."

"ஓம் அண்ணை."

"நான் போடேல்லை. உமக்கு எண்டில்லை, ஒருத்தருக்கும் போடேல்லை. இந்த நாட்டுப் பிரஜையானதுக்குப் பிறகு போடாமல் விட்டது இதுதான் முதல் தரம்."

அவர் குரலில் கோபம் இல்லை. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாக்குப் போடாதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போன மனிதர் அவர்.

"அண்ணை, வியாழன் எனக்கு வேலையில்லை. நான் வந்து அக்காவோட இருக்கிறன். நீங்கள் கடை கண்ணிக்குப் போட்டு வாங்கோ" என்றேன்.

கடிதங்களை ஒருதரம் புரட்டிப் பார்த்தார். "பாப்பம்" என்றார்.

இரண்டு கிழமை கழித்துக் கூப்பிட்டார். இப்போது வியாழனில் போகிறேன். கதவைத் திறந்து, அக்காவின் மருந்து எங்கே என்று காட்டிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அண்ணை போய்விடுவார். வேறு கதை இல்லை. அக்கா என் முகத்தை நெடுநேரம் பார்ப்பார். "நீர் ஆற்றை பிள்ளை?" என்று கேட்பார். என் அப்பாவின் பெயரைச் சொல்வேன். "ஓ, அவற்றையோ. நல்ல மனிசன்" என்று என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். அண்ணை திரும்பி வரும்வரை அதை நான் எடுப்பதில்லை.