ஐஸ்பெட்டியும் வடமேற்குக் காற்றும்

கடலில் காணாமல் போனவர் இந்நேரம் எங்கே மிதந்துகொண்டிருப்பார் என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. ஓய்வுபெற்ற பிறகும், கூப்பிட்டால் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானிலுள்ள கடல்மீட்பு அலுவலகத்துக்கு ரயிலேறிவிடுவேன். கணக்கை ஒப்படைத்துவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால், இது புரியும்.

பெட்டியின் உயரம்

மீன்பிடிப் படகொன்று காலையில் கவிழ்ந்தது. இருவரில் ஒருவரை வேறொரு படகு ஏற்றிக்கொண்டது. மற்றவர், மணியம், ஐஸ்பெட்டியைப் பிடித்தபடி விலகிப் போய்விட்டதாகத் தப்பியவர் சொன்னார். வெறும் ஆளை நீர்தான் இழுக்கும். நீருக்கு மேலே பெட்டி நின்றால் காற்றும் தள்ளும். அதனால் அலுவலகத்துக்கு ஓடிவந்த மணியத்தின் மனைவி லெட்சுமியிடம் பெட்டியின் உயரத்தைக் கேட்டேன். முழங்காலுக்கு மேலே கைவைத்துக் காட்டினாள். மூடி உண்டா என்றேன். வெடித்துவிட்டாள்.

"அவரு உயிரோட இருக்காரான்னு கேக்க வந்தேன் ஆன்டி, நீங்க பெட்டிக்கு அளவெடுக்கிறீங்க!"

கொடி

கடல் வற்றுவதும் பெருகுவதும் ஆளை முன்னும் பின்னும் ஆட்டும். காற்று தள்ளியது மட்டும் மிஞ்சும். நீரோட்டம் என்றால் அது எங்கே போகிறது என்று எழுதுவோம். காற்று என்றால் எங்கிருந்து வருகிறது என்று எழுதுவோம். கல்லூரியில் முதல் வாரமே படித்தது. அன்று வீசியது வடமேற்கிலிருந்து வந்த காற்று. நான் அதை வடமேற்கு நோக்கிப் போகும் காற்றாகத் தட்டிவிட்டேன். கணினி மறுபேச்சில்லாமல் தேடும் கட்டத்தைப் போட்டது. மீட்புக் கப்பலும் அங்கே போனது.

பிற்பகலில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வாசல் கொடி, நான் தட்டியதற்கு நேர் எதிராக, தென்கிழக்கே பறந்துகொண்டிருந்தது. தேடலை நடத்தும் குணாவிடம் போய், தப்பு என்னுடையது, நாலு மணி நேரம் வீண் என்றேன். அவர் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"திட்டுறதுக்கு நாளைக்கு டைம் இருக்கு லா ஆன்டி. இருட்டுறதுக்குள்ள புதுக் கட்டம் குடுங்க."

முதுகு

கொடுத்தேன். இம்முறை காற்று போகும் திசைக்குக் காகிதத்தில் அம்பு வரைந்து, குணாவையும் பார்க்கச் சொன்ன பிறகே எண்ணைத் தட்டினேன். வெளிச்சம் மங்குமுன், புதுக் கட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில், ஐஸ்பெட்டியோடு மணியம் கிடைத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உதடு வெடித்துக் கிடந்தவர், மத்தியானம் தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்ததையும், கத்தக் கத்த அது முதுகைக் காட்டிப் போனதையும் சொன்னார். அதை அங்கே அனுப்பிய கணக்கு என்னுடையது என்றேன். பிறகு லெட்சுமி பிளாஸ்க்கைத் திறந்து எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள்.

"தேத்தண்ணியக் குடிங்க ஆன்டி. அடுத்த ஆளுக்காச்சும் வெளிய காத்தப் பாத்துட்டுக் கணக்குப் போடுங்க."

அன்றிலிருந்து, காற்றுக்கு ஓர் அம்பு வரையாமல் எந்த எண்ணையும் நான் தொடுவதில்லை, எழுபது வயதில், பாலர் பள்ளிப் பிள்ளையைப் போல.