ஈரல் கொழுப்பும் என் கவுண்டரும்

மருந்து கவுண்டரில் நின்றவர்களுக்கு இது தெரியும்: டாக்டர் முன்னால் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள், கோபத்தையெல்லாம் நம்மிடம்தான் இறக்கிவைப்பார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் திருவொற்றியூரில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்தேன். ஸ்கேன் எடுத்த பலருக்கும் கல்லீரலில் கொழுப்பு என்று வந்துகொண்டிருந்த காலம். அதற்கென்று தனி மருந்து கிடையாது. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினை எழுதிவிட்டு, "எடையக் குறைங்க, ஈரல் தேறும்" என்பார் எங்கள் டாக்டர்.

மாமியார் சொன்னது

காசிமேட்டில் மீன் விற்கும் செல்வியக்கா ரிப்போர்ட்டைப் பொத்தென்று போட்டார். "எனக்குக் கொழுப்பாம்! இன்னா பேச்சு இது?" ஈரலில்தான் என்று விளக்கினேன். முறைத்தவர் சிரித்துவிட்டார். "எம் மாமியா கல்யாணமான நாள்லேர்ந்து இதத்தான் சொல்லிகினு கீது. இதுக்கு எதுக்கும்மா ஸ்கேனு?"

பிலோமினாவின் சந்தேகம்

துறைமுகத்தில் வேலை பார்க்கும் அந்தோணி அண்ணன், மாதா கோயிலில் சத்தியம் பண்ணிக் குடியை விட்டவர். ஈரலில் கோளாறு என்றதும், திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று முடிவுகட்டிய மனைவி பிலோமினா பேச்சையே நிறுத்திவிட்டார். கணவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்து, "உண்மையச் சொல்லு, இது குடிகாரங்களுக்குத் தர்ற மாத்திரதானே?" என்றார் மெதுவாக.

"இல்லக்கா. சர்க்கரையும் உடம்புப் பருமனும் இருந்தா, குடிக்காதவங்களுக்கும் ஈரல்ல கொழுப்பு சேரும்." நம்பவில்லை. டாக்டரிடமே அழைத்துப்போனேன். அவரும் அதையே சொன்னார்.

வெளியே வந்தவர், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி பெஞ்சருகே நின்றார். அந்தோணி அண்ணன் நகர்ந்து இடம் விட்டார். பிலோமினா அங்கிருந்தே என்னிடம் சொன்னார்: "மாத்திர எப்போ போடணும்னு எங்கிட்ட சொல்லும்மா. இனிமே நான்தான் அவுரு கையில எடுத்துக் குடுப்பேன்."

டிரைவர் பார்த்தது

மணலி டேங்கர் லாரி டிரைவர் முனுசாமிக்கு மாத்திரை ஆரம்பித்ததும் வயிறு கலக்கியது. லாரியை வழியில் நிறுத்திவிட்டு ஓடினாராம். டாக்டர் அளவைக் குறைத்து, சாப்பாட்டோடு போடச் சொன்னார், சரியானது. நன்றி சொல்ல வந்தவர், நான் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சிது. நீயும் ரத்தம் குட்த்துப் பாரும்மா."

நம்மைப் போன்றவர்கள் அடுத்தவர் ரிப்போர்ட்டைத்தானே படிப்போம்! பயந்துகொண்டே ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை. ஸ்கேனில் ஈரல் கொழுப்பும். சீக்கிரம் தெரிந்ததே நல்லது, மாத்திரையும் நடையுமாகச் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். அடுத்தமுறை முனுசாமியைக் கண்டதும் கைகூப்பினேன், கண்ணீர் வந்துவிட்டது. அவர் சொன்னார்: "அழுவாத. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரதான, இன்னிலேர்ந்து நாம தோஸ்து."

என் வியாதியை எனக்கு முன்பே கண்டுபிடித்தவர் ஃபீஸ் கேட்கவில்லை என்பதையும் நன்றியோடு சொல்லிவிடுகிறேன்.