உப்புக்கு ஒரு மன்னிப்பு

கோபம் வந்தால் லோசா பாடமாட்டாள். அவளுடைய ஒரே குறை அதுதான் என்று அவள் கணவன் பிலிபோ சொல்வான். மற்ற குறைகளைச் சொல்ல அவனுக்குத் தைரியம் கிடையாது.

சவாயித் தீவின் வடகரையில் இருக்கும் அந்த ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவில், தணிந்த குரல் பாடும் பெண்களுக்கு லோசாதான் தூண். அவள் வாயை மூடிக்கொண்டால் மற்றவர்கள் திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளைகள் மாதிரி முழிப்பார்கள். அந்த வருஷம் அன்னையர் ஞாயிறு முதல் மூன்று மாதம் அப்படித்தான் முழித்தார்கள். காரணம் உப்பு.

அன்னையர் ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் வீட்டில் பந்தி. லோசா பலுசாமி என்ற பதார்த்தத்தைச் செய்து கொண்டுபோயிருந்தாள். இளம் சேம்பிலையில் தேங்காய்ப்பாலை ஊற்றிப் பொதிந்து, சூடேறிய கற்களுக்கு நடுவே அவள் வேகவைத்தால் வாசனைக்கே ஊர் நாய்கள் வரிசையில் நிற்கும். அன்றைக்கு அவளுடைய அடுத்த வீட்டு நெசே ஒரு வாய் எடுத்து வைத்தாள், கண்ணை மூடினாள், திறந்தாள்.

"லோசா, பாலுக்குப் பதிலா கடலையே மொண்டு ஊத்திட்டியாடி?"

பந்தி குலுங்கச் சிரித்தது. போதகர் மனைவியும் சிரித்தாள். போதகர் இசாயா சிரிக்கவில்லை, ஆனால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். லோசாவால் மன்னிக்கவே முடியாமல் போனது அந்தத் தண்ணீரைத்தான். ஆனால் போதகரோடு சண்டை போட முடியாது, எனவே கணக்கு முழுவதும் நெசே தலையில் விழுந்தது.

இத்தனைக்கும் நெசே அந்நியமானவள் இல்லை. இருவரும் ஒரே ஞாயிறு பள்ளியில் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே ஆசிரியரிடம் குட்டு வாங்கியவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது இடுப்புயரக் கருங்கல் சுவர். அதன் மேலாகக் குழந்தை, கோழி, குழம்பு எல்லாம் கைமாறிய காலம் உண்டு. இப்போது பார்வைகூடக் கைமாறவில்லை.

"என் வாசல்ல பாய் போத்திட்டு வந்து உக்காரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று லோசா ஊரறியச் சொன்னாள்.

கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். தலைமேல் நேர்த்திப் பாயைப் போர்த்திக்கொண்டு, விடியற்காலையில் பாதிக்கப்பட்டவன் வாசலில் மன்னிப்புக் கேட்டுக் குனிந்து உட்காருவது உயிர்ச்சேதத்துக்குச் செய்கிற காரியம். வீட்டுக்காரன் இறங்கி வந்து பாயைத் தூக்கும் வரை வெயிலோ மழையோ அசையக் கூடாது, பேசக் கூடாது. அடிதடிக்கு உட்கார்ந்திருக்கிறார்கள், கொலைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். உப்புக்கு யாரும் உட்கார்ந்ததில்லை.

இந்த நேரம் பார்த்துப் பெண்கள் வகுப்புக்கு வந்த பாடம், இருதயத்தைக் காத்துக்கொள்வது. வகுப்பெடுப்பவள் லோசா. பிரமாதமாக எடுத்தாள். "சோத்துக்கூடைய உத்தரத்துல தொங்கவிடறோம். ஏன்? கீழ வச்சா எறும்பு ஏறும். கசப்பும் அப்படித்தான் தாயிங்களா, ஒண்ண உள்ள விட்டா வரிசையா வந்துடும்" என்றாள். பெண்கள் உருகிப்போனார்கள். கடைசி வரிசையில் நெசே மட்டும் விசிறியை வேண்டுமென்றே மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் போதகர் லோசாவைத் தனியே நிறுத்தினார்.

"நல்லா பேசினீங்க லோசாம்மா. வர்ற ஞாயிறு திருவிருந்து. போன ரெண்டு தடவையும் நீங்க எழுந்து வரல."

"கால் வலி, போதகரய்யா."

"பாடவும் இல்லையே."

"வலி மேல வரைக்கும் ஏறிடுச்சு."

போதகர் சிரிப்பை மென்று விழுங்கினார். "இந்த ஞாயிறும் உங்களால வர முடியலன்னா, வகுப்ப வேற யாராவது எடுக்கட்டும். இது தண்டனை இல்லம்மா. உள்ள கசப்ப வச்சுக்கிட்டு அதப் பத்தியே அழகாப் பேசறது உங்களுக்குத்தான் கெடுதல்."

"வேற யாரு எடுப்பா?"

"நெசே எடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

அன்று மாலை ஜெபவேளைச் சங்கு ஊதியதும் லோசா முழங்காலில் விழுந்தாள். "ஆண்டவரே, என் இருதயத்தைச் சுத்தம் பண்ணும். முதல்ல நெசே இருதயத்துல ஆரம்பியும். அங்கதான் வேலை ஜாஸ்தி" என்று மனதார ஜெபித்தாள். பக்கத்தில் பிலிபோ ஆமென் சொல்லலாமா கூடாதா என்று தடுமாறினான்.

சனிக்கிழமை விடியற்காலையில் ஜெபம் கேட்கப்பட்டது.

வாசலைப் பார்த்த லோசா தூணைப் பிடித்துக்கொண்டாள். படிக்கற்களுக்குக் கீழே ஒரு உருவம் பாய் போர்த்திக் குனிந்து கிடந்தது. சாதாரணப் பாய் இல்லை. துணிபோல மெல்லிதாகப் பின்னி, ஓரத்தில் சிவப்பு இறகு வைத்த நேர்த்திப் பாய். நெசே தன் மகன் கல்யாணத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அதை நேற்றுத்தான் கழுவிக் கல்சுவரில் காயப்போட்டிருந்தாள்.

"யோவ், எந்திரி. வந்துட்டா."

பிலிபோ கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். "உருவம் கொஞ்சம் பெருசாத் தெரியுதே."

"குத்த உணர்ச்சில உடம்பு ஊதும். பேசாம இரு."

"குலுங்குதே."

"அழறாய்யா. பாரு, எப்படி அழறான்னு."

உடனே இறங்கிப் போயிருக்கலாம். லோசா போகவில்லை. மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த காட்சியைச் சட்டென்று முடித்துவிட அவளுக்கு மனசு வரவில்லை. கொக்கோ காய்ச்சினாள். படிக்கு மேலே வாகாக உட்கார்ந்து, வாசலுக்குக் கேட்கிற மாதிரி ஊதி ஊதிக் குடித்தாள்.

"வெயில் ஏறுது லோசா. பாவம்."

"ஏறட்டும். அன்னைக்கு என் மூஞ்சியும் இப்படித்தான் காய்ஞ்சுது."

குடித்து முடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, தயாராக வைத்திருந்த பிரசங்கத்தை ஆரம்பித்தாள். நாவடக்கத்தில் தொடங்கி, சிநேகத் துரோகத்தைத் தொட்டு, போதகர் குடித்த தண்ணீருக்கு வந்து சேர்ந்தபோது, பாய்க்கு அடியிலிருந்து நீளமாக ஒரு முனகல் வந்தது.

பிரசங்கம் அப்படியே நின்றது. அது அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம். லோசாவே ஒரு காலத்தில் அப்படி முனகியவள்தான், தலைப்பிள்ளையைப் பறிகொடுத்த நாட்களில். அப்போது எல்லாரும் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். நெசே ஒன்றும் சொல்லவில்லை. லோசாவின் கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ராப்பகலாக உட்கார்ந்திருந்தாள். அந்த நெசேயை வெயிலில் போட்டுவிட்டு நான் கொக்கோ குடித்தேனா? லோசாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு பொங்கியது. தடதடவென்று படியிறங்கி, பாயின் முன்னால் முழங்காலிட்டு அழுதாள்.

"போதும்டி, அழாத. உப்ப ரெண்டு தடவை போட்டது நான்தான். உன் வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு எட்டிப் பாத்துக்கிட்டே முதல்ல ஒரு கை போட்டேன், மறந்துட்டு இன்னொரு கையும் போட்டேன். நீ சொன்னது பொய்யா இருந்திருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன். நெசமா இருந்ததாலதான்டி எனக்கு அவ்வளவு ஆத்திரம்."

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் பாயைத் தூக்கினாள்.

நெசேயின் தாய்ப்பன்றி அவளை நிமிர்ந்து பார்த்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, அப்போதுதான் பூமிக்கு வந்த குட்டிகள் முட்டி மோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. குட்டி போடும் நேரம் வந்தால் பன்றி அகப்பட்டதையெல்லாம் இழுத்துப் போட்டுப் படுக்கை செய்துகொள்ளும். இதற்கு அகப்பட்டது கல்யாணப் பாய்.

படிமேல் பிலிபோ இடுப்புத் துணியின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினான். சுவர்ப்பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டு லோசா திரும்பினாள். நெசே நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் ஒரு கையோடு.

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"பாயத் தேடிட்டு வந்தேன். நீ கொக்கோ ஊதிட்டிருந்த."

லோசாவின் முகம் பற்றி எரிந்தது. அடுத்த நொடியே நாக்கில் சொற்கள் வரிசை கட்டின. பன்றியைக் கட்டி வைக்கத் தெரியாதா? பிறத்தியார் வாசலில் பன்றி புகுந்தால் ஊர்ப்பெரியவர்கள் என்ன அபராதம் போடுவார்கள் தெரியுமா? ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. கேட்டிருந்தால் கணத்தில் தலைநிமிர்ந்திருக்கலாம். ஆனால் அந்த வரிசையைப் பார்த்ததும் அவளுக்குத் தன் சோற்றுக்கூடை ஞாபகம் வந்து தொலைத்தது. ஊருக்கெல்லாம் எறும்பைப் பற்றிப் பாடம் எடுத்தவள், தன் கூடையைத் தரையிலேயே வைத்திருந்தாள்.

குனிந்து கிடக்கிற நெசேயிடம் எல்லாம் சுலபமாக வந்துவிட்டது. நிமிர்ந்து நிற்கிற நெசேயிடம் ஒரு வார்த்தை எழும்பவில்லை. எனவே லோசா பன்றிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பாயின் அழுக்குப்படாத முனையை இழுத்துத் தன் தலைமேல் போர்த்திக்கொண்டு குனிந்தாள்.

பிலிபோவின் சிரிப்பு நின்றுபோனது.

உள்ளே ஒரே இருட்டு, பன்றி நாற்றம். ஒரு குட்டி அவள் தொடையை முட்டிப் பார்த்து ஏமாந்தது. வெளியே நெசே சுவரைத் தாண்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல்.

"பிலிபோ, அந்தக் கொக்கோ இன்னும் இருக்கா?"

இருந்தது. நெசே படியில் உட்கார்ந்து, ஊதி ஊதி, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள். லோசா ஒவ்வொரு மிடறையும் கேட்டுக்கொண்டு அசையாமல் இருந்தாள். தூக்காமலே போய்விடுவாளோ என்று நிஜமாகவே பயந்தாள். வெயிலில் காக்க வைத்தவள் தானும் காத்துத்தானே ஆகவேண்டும்.

காலடி நெருங்கியது. பாய் தூக்கப்பட்டது.

"இதுல எது லோசா?" என்றாள் நெசே. கேட்டவள் முகம் முழுக்க ஈரம். "நானும் பந்தியில வச்சு சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும்."

"வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தா அகப்பையாலயே அடிச்சிருப்பேன்."

"அது தெரிஞ்சுதான் பந்தியில சொன்னேன். எந்திரி, நாறுது."

இருவரும் பாயின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கடலுக்குக் கொண்டுபோய் அலசினார்கள். மறுநாள் லோசா எழுந்து போய்த் திருவிருந்தில் பங்கெடுத்தாள். பாட்டு தொடங்கியதும் தணிந்த குரல் கோயிலை நிரப்ப, குழுத்தலைவர் கையை வீசிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் போதகர் வீட்டுப் பந்தி. லோசாவின் பலுசாமி நெசேயின் இலைக்கு வந்தது. நெசே ஒரு வாய் வைத்தாள். பந்தியில் மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. போதகர் இந்த முறை தண்ணீர் பக்கம் திரும்பவே இல்லை.

"உப்பு பத்தல" என்றாள் நெசே.

லோசாவின் காது சூடானது. பயந்து பயந்து சமைத்தது அவளுக்கல்லவா தெரியும். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"ஆமா, பத்தலதான்" என்றாள். "பிலிபோ, அந்த உப்ப இப்படித் தள்ளு."