அப்பா வாசித்த வேகம்

எனக்கு ஒரு வயதாகும்போதே அப்பா இறந்துவிட்டார். அவர் புல்லாங்குழல் வாசித்த ஒரே ஒரு கேசட்தான் எங்களிடம் இருந்தது. மந்தமான, அழுவது போன்ற வாசிப்பு. நான் அதைப் போட்டால் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். அப்பா துயரமான மனிதர் என்று நானே முடிவுசெய்து, அவரைப் பற்றி எதுவும் கேட்காமலே வளர்ந்தேன்.

போன வருடம், என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் இசை ஆசிரியை மெர்சி, டெல்லி கரோல் பாக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் போனில் ஏற்றி வைத்திருந்த அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, அலமாரியில் இருந்த அப்பாவின் குழலை எடுத்து ஊதிப் பார்த்தாள்.

"இதுலதானே வாசிச்சார்? பதிவுல சுருதி ரொம்ப இறங்கியிருக்கே. ரெக்கார்ட் பண்ணின மிஷின்ல ஏதோ கோளாறு. அதான் மெதுவா ஓடுது."

குழலின் சுருதியோடு சேரும்வரை போனில் பதிவின் வேகத்தைக் கூட்டினாள். அதே ராகம் துள்ளிக்கொண்டு வந்தது.

அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார். "இதுதாண்டி உங்கப்பா. நீ எப்பவும் போடறது வேற யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கும். எனக்குக் கேக்கவே பிடிக்காது."

"ஏம்மா சொல்லல?"

"நீ அவ்வளவு ஆசையா கேட்டுட்டிருப்பே. எப்படிச் சொல்றது?"

அம்மாவின் மௌனத்துக்குத் துக்கம் என்று நானாகப் பெயர் வைத்திருந்தேன். மெர்சி போனபின், அப்பா எப்படிச் சிரிப்பார் என்று கேட்டேன். அவரைப் பற்றி நான் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.