சவரப் பெட்டியோடு வந்த சித்தப்பா

மீசை முளைத்த நாள் முதல் சித்தப்பாவுக்குச் சலூன்தான் உலகம். கத்தி பிடிக்கப் பழகியது என் அப்பாவின் கன்னத்தில். கீறி ரத்தம் வந்தாலும், "பரவால்லடா, அந்தப் பக்கம் பாரு" என்று முகத்தைக் கொடுத்தாராம் அப்பா.

அந்த அப்பா வெளிநாட்டில் என் வீட்டில் படுத்த படுக்கையாகிவிட்டார். டாக்டர்களும் கையை விரித்துவிட்டார்கள். முகமெல்லாம் தாடி. நான் ரேசரோடு போனாலும் நர்ஸ் போனாலும் திரும்பிக்கொண்டு, "தம்பி வரட்டும்" என்பார். தம்பியும் பார்வையாளர் விசாவில் விமானம் ஏறினார்.

குடியேற்ற அதிகாரி, மொழிபெயர்க்கும் பெண் மூலமாக என்ன தொழில் என்று கேட்டிருக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும். "முடி வெட்டறேன். சாருக்கு இடது கிருதா ஏறிப்போச்சே, யாரு வெட்டினது?" என்றிருக்கிறார் இந்த மனுஷன். உடனே பெட்டியைத் திறந்துவிட்டார்கள். கத்தரி, சவரக்கத்தி, பிரஷ், கழுத்தில் கட்டும் துணி. உறவினரைப் பார்க்க வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு? வேலை தேடி வந்தவர் என்ற சந்தேகம் போதும், அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பலாம்.

வெளியே காத்திருந்த என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு யார் ஷேவ் பண்ணுகிறார்கள் என்று கேட்டார் அதிகாரி. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "யாரும் இல்ல. தம்பியைத் தவிர யாரையும் தொட விடமாட்டார்" என்று சொல்லி, போனில் இருந்த அப்பாவின் படத்தை நீட்டினேன். சித்தப்பாவும் அதையேதான் சொல்லியிருந்தார்.

அதிகாரி படத்தை வெகுநேரம் பார்த்தார். முடியாது என்றிருந்தால் ஏனென்று கேட்க நாதியில்லை. ஆனால் முத்திரையைக் குத்தினார். பெட்டியையும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டு ஏதோ சொன்னார்.

"உங்க அண்ணனைத் தவிர வேற யார் தலையிலயும் கை வைக்கக் கூடாதாம்" என்றாள் அந்தப் பெண்.

"அப்ப சாரோட கிருதா?" என்று ஆரம்பித்தவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா சட்டைகூட மாற்றவில்லை, அப்பா கழுத்தில் துணியைக் கட்டிவிட்டார். அப்பா கன்னத்தைக் காட்டினார். நுரையைத் துடைத்ததும் மோவாயைத் தடவிப் பார்த்து, "இங்க கொஞ்சம் விட்டுட்டடா" என்றார்.

"நாளைக்கும் வேலை வேணும்ல அண்ணா."

அப்பாவுக்கு அதன்பிறகு சில காலைகளே மிச்சமிருந்தன. ஒன்றைக்கூடச் சித்தப்பா தவறவிடவில்லை. அந்த அதிகாரியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும்.